மலச்சிக்கல்: அடக்கி வைத்ததால் வளர்ந்த நோய்

(வெள்ளி விழாவையொட்டி அமிர்தியில் நடைபெற்ற மகளிர், இளைஞர் கூட்டத்தில் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இக்கழகம் தொடங்கிய முதலாண்டில், மாலை வகுப்பில் பாய் விரித்து அமர்ந்து படித்த பிள்ளைகளுள் நானும் ஒருத்தி. அன்று பெற்ற கல்விதான் என்னைச் செவிலியர் ஆக்கியது. ஆகையால் இந்த மேடையில் நிற்பது எனக்குப் பெருமை மட்டுமன்று. கடன் அடைக்கும் கடமையும் ஆகும்.

விழாக் குழுவினர் என்னிடம், "உடல்நலம் பற்றி ஏதேனும் பேசுங்கள்" என்றார்கள். மலச்சிக்கலைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். கேட்டவர்களில் சிலர் சிரித்தார்கள், ஒருவர் மட்டும், "வெள்ளி விழாவில் இதைப் போய்ப் பேசலாமா அம்மா?" என்று தயங்கினார். அந்தத் தயக்கத்தை நான் குறை கூறமாட்டேன். நம் மக்களுக்கு அதற்குத் தனிக் காரணம் உண்டு. பிறர் கழித்த மலத்தைக் கையால் அள்ளும் தொழிலை நம்மீது சுமத்திய சமுதாயம், அந்தத் தொழிலின் இழிவையும் நம்மீதே பூசியது. அதனைத் தடை செய்ய 1993ஆம் ஆண்டில் ஒரு சட்டமும், அது போதாமல் 2013ஆம் ஆண்டில் மற்றொரு சட்டமும் இயற்ற வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட வரலாறு உடைய நாம், மலம் என்ற சொல்லையே வாயால் எடுக்கக் கூடாது என்று எண்ணுவது இயற்கை. ஆனால் அந்த வெட்கம் நம் உடலைக் கெடுக்கிறது. அதனை என் வீட்டிலேயே நான் கண்டேன்.

என் பெரியம்மா தோல் ஷாப்பில் கூலி வேலை செய்தவர். காலை இருட்டில் ஒதுக்குப்புறம் போய் வந்தால் உண்டு; இல்லையேல் மறுநாள் இருட்டு வரையில் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்கென்று ஒதுக்கிய இடம் எதுவும் அந்நாளில் இருக்கவில்லை. நான்கு நாட்களுக்கு ஒருமுறை, ஐந்து நாட்களுக்கு ஒருமுறை என்று ஆகிவிட்ட நிலையில், மாதம் ஒருமுறை கடையில் பேதி மாத்திரை வாங்கி விழுங்குவார். "உடம்பு சூடு" என்பதே அவர் சொன்ன விளக்கம். அறுபதை நெருங்கும் வயதில் மலத்துடன் இரத்தம் போகத் தொடங்கியது. "மூலச் சூடு" என்று தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டு, ஓராண்டுக்கும் மேலாக எவரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்தார். செவிலியரான என்னிடமும் சொல்லவில்லை. உடல் இளைத்து, இரத்தம் குறைந்து, மயங்கி விழுந்த பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். பெருங்குடலில் கட்டி இருந்தது. அறுவைக்குரிய காலம் கடந்திருந்தது.

மலச்சிக்கல்தான் அவருக்குப் புற்றுநோயை உண்டாக்கியது என்று நான் கூறவில்லை. மருத்துவ அறிவும் அவ்வாறு கூறவில்லை. ஆனால் நாற்பது ஆண்டுகள் அதைப் பற்றிப் பேசாமல் பழகியதால், பேசியே ஆகவேண்டிய நாள் வந்தபோதும் அவர் பேசவில்லை. அவருக்காகவே இன்று பேசுகிறேன்.

மலச்சிக்கல் என்பது யாது?

நாள்தோறும் கழியாவிட்டால் அது மலச்சிக்கல் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. நாளொன்றுக்கு மூன்று முறை முதல் வாரத்திற்கு மூன்று முறை வரையில் கழிவது இயல்பின் எல்லைக்குள் அடங்கும். வாரத்திற்கு மூன்று முறைக்கும் குறைவாகக் கழிதல், ஆட்டுப் புழுக்கை போலக் கட்டியாக வெளிப்படுதல், மிகுதியாக முக்க வேண்டியிருத்தல், கழிந்த பின்னும் முழுமையாகக் கழியவில்லை என்ற உணர்வு நீடித்தல், ஏதோ அடைத்துக்கொண்டிருப்பது போலத் தோன்றுதல், விரலால் உதவ வேண்டியிருத்தல் ஆகியவற்றுள் இரண்டேனும் மூன்று மாதங்களாகத் தொடர்ந்தால் அதனை நாட்பட்ட மலச்சிக்கல் எனலாம். நாள்தோறும் கழிகின்ற ஒருவருக்கும் மலச்சிக்கல் இருக்கக் கூடும் என்பதை இதனால் அறியலாம்.

உடலுக்குள் நடப்பது என்ன என்பதைச் சுருக்கமாகக் கூறுகிறேன். நமது பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுடையது. சிறுகுடலிலிருந்து நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் அளவு நீர்மப் பொருள் அதனுள் வந்து சேர்கிறது. பெருங்குடல் அதிலுள்ள நீரை உறிஞ்சிக்கொண்டு, எஞ்சியதை மெல்ல மெல்ல முன்னோக்கித் தள்ளுகிறது. எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு நீர் உறிஞ்சப்படுகிறது. அவ்வளவுக்கு மலம் இறுகுகிறது. மலம் கடைசிப் பகுதியாகிய மலக்குடலுக்குள் இறங்கும்போது அதன் சுவர் விரிந்து, "போக வேண்டும்" என்ற உணர்வு எழுகிறது. அதுவே உடலின் அழைப்பு. காலையில் எழுந்து ஏதேனும் உண்டதும், அல்லது சூடாகக் குடித்ததும், பெருங்குடல் வலுவாக அசையத் தொடங்குவதால் அந்த நேரத்தில்தான் அழைப்பு மிகுதியாக வரும்.

அந்த அழைப்புக்குச் செவி சாய்க்காவிட்டால் என்ன ஆகும்? சிறிது நேரத்தில் உணர்வு அடங்கிவிடும். மலம் அங்கேயே தங்கி மேலும் வறண்டு போகும். நாள்தோறும் இவ்வாறே செய்தால் மலக்குடல் விரிந்து கொடுத்து, உணரும் திறனும் மழுங்கிவிடும். பிறகு அழைப்பே வராது.

இதனை மெய்ப்பிக்கும் ஆய்வு ஒன்று 1990ஆம் ஆண்டில் ஜெர்மனியிலிருந்து வெளிவந்தது. நல்ல உடல்நலம் உள்ள இளைஞர் 12 பேரை, ஒரு வார காலம் மலம் கழிக்கும் உணர்வை வேண்டுமென்றே அடக்கிக்கொள்ளச் செய்தார்கள். அந்த ஒரே வாரத்தில் அவர்கள் கழிக்கும் முறைகள் குறைந்தன. உணவுக் கழிவு குடலைக் கடக்கும் காலமும் நீண்டது. நோயற்ற இளைஞருக்கு ஒரு வாரத்தில் இந்நிலை என்றால், பன்னிரண்டு வயது முதல் அடக்கியே வாழ்ந்த நம் தாய்மார்களின் குடல் என்ன பாடு பட்டிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். மலச்சிக்கல் பலருக்கு உணவால் மட்டும் வந்ததன்று. இடமில்லாமையால், நேரமில்லாமையால், அனுமதியில்லாமையால் வந்தது. இதுவே இன்று நான் கூற விரும்பும் முதன்மையான கருத்து.

நம் வட்டாரத்தில் இது வளரும் விதம்

அமிர்தியில் நாம் மலையடிவாரத்தில் இருக்கிறோம். ஆனால் நம் உறவினர் பலர் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தோலை நம்பி வாழ்கின்றனர். ஷூ கம்பெனிகளில் தையல் வேலையில் அமர்ந்திருப்போருள் பெரும்பாலோர் பெண்கள். விடியற்காலையில் எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, கம்பெனி வண்டியைப் பிடிக்க ஓடுகிறார்கள். குடல் அழைக்கும் நேரமும் வண்டி வரும் நேரமும் ஒன்றாகவே இருக்கின்றன. வேலைக்குப் போன பிறகு, எண்ணிக்கை குறைந்துவிடும் என்ற அச்சத்தால் எழுந்து போவதில்லை. எழுந்து போக வேண்டியிராமல் இருக்கத் தண்ணீரே குடிப்பதில்லை. என்னிடம் வரும் இளம்பெண்களிடம், "பகலில் எத்தனை தம்ளர் தண்ணீர் குடிக்கிறாய்?" என்று கேட்டால், "சாப்பிடும்போது ஒன்று அக்கா" என்பதே பெரும்பாலும் விடை. இதனால் மலச்சிக்கலோடு சிறுநீர்ப்பாதைத் தொற்றும் சேர்ந்துகொள்கிறது.

இவ்விடத்தில் சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 18ஆம் பிரிவில் குடிநீருக்கும், 19ஆம் பிரிவில் கழிப்பறைக்கும் வகை செய்தது. ஆண், பெண் இருபாலர்க்கும் தனித்தனியே மறைவான கழிப்பறை இருக்கவேண்டும் என்றும், தொழிலாளர் ஆலையில் இருக்கும் எல்லா நேரங்களிலும் அது அவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்றும் அது விதித்தது. பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்று திரட்டி 2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இந்தக் கடமையை நிருவாகத்தின்மீது வைத்திருக்கிறது. "எல்லா நேரங்களிலும்" என்ற சொற்களை நம் இளைஞர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கழிப்பறைக்குச் செல்வது மேற்பார்வையாளர் இடும் பிச்சையன்று; அது உரிமை.

தண்ணீரைப் பற்றியும் கூறாமல் இருக்க இயலாது. 1927ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகாடு நகரத்துச் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அருந்தினார். குடிநீர் மனித உரிமை என்பதை நிலைநாட்டவே அவர் அதனைச் செய்தார். நம் பாலாற்றுப் படுகையில் அதே தண்ணீர் வேறு வகையில் நம் கைவிட்டுப் போயிற்று. தோல் கழிவுகளால் நிலத்தடி நீர் கெட்டுப்போனதை உச்சநீதிமன்றமே 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில் எடுத்துரைத்தது. கிணற்று நீர் உப்பாகிப் போன ஊரில் குடிநீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்கவேண்டியிருக்கிறது. விலைக்கு வாங்கிய நீரை வீட்டுப் பெண் கடைசியில்தான் குடிப்பாள்.

உணவும் மாறிவிட்டது. நம் பாட்டன்மார் கேழ்வரகுக் களியும் கூழும் உண்டனர். சவ்வாது மலை மக்கள் சாமை விளைவித்து உண்டனர். அவற்றை நாம் வறுமையின் சின்னமாகக் கருதி விட்டொழித்தோம். 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தமிழ்நாட்டில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசியை ஒழித்த அந்த அரிசியை நான் குறை கூறவில்லை. பசியின் கொடுமை அறிந்தவர் யாரும் கூறமாட்டார். ஆனால் கணக்கைப் பாருங்கள்: தீட்டிய அரிசி 100 கிராமில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு, கேழ்வரகு 100 கிராமில் 11 கிராமுக்கும் மேல். மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் நீர்த்த குழம்புமாக உண்டால் குடலுக்குத் தள்ளுவதற்கே பொருள் இராது.

டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர் உகாண்டா நாட்டில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். அவரும் அவருடைய தோழர்களும் 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இந்தக் கருத்துக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. ஆப்பிரிக்கக் கிராம மக்கள் நாளொன்றுக்குக் கழித்த மலத்தின் எடை 400 கிராமுக்கு மேற்பட்டதாகவும், தீட்டிய மாவுணவு உண்ட ஆங்கிலேயருடையது 100 கிராம் அளவினதாகவும் அவர்கள் கண்டனர். உணவு குடலைக் கடக்கும் காலமும் கிராம மக்களுக்கே மிகக் குறைவாக இருந்தது. ஏழையின் உணவு என்று இகழப்பட்டதில் இருந்த நன்மையை வெள்ளையரே வந்து எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

மாத்திரைகளும் பிற நோய்களும்

சில மருந்துகளும் மலத்தைக் கட்டும். கருவுற்ற தாய்மார்களுக்கு அரசு வழங்கும் இரும்புச் சத்து மாத்திரை அவற்றுள் ஒன்று. இதனால் பலர் அந்த மாத்திரையைக் குப்பையில் எறிந்துவிடுகின்றனர். அவ்வாறு செய்தல் கூடாது. இரத்தச் சோகை தாயையும் சேயையும் ஒருங்கே தாக்கக் கூடியது. மாத்திரையை நிறுத்தாமல், மலச்சிக்கலுக்கு வேறு வழி தேட வேண்டும். செவிலியரிடம் சொன்னால் வழி கூறுவார். சுண்ணாம்புச் சத்து மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கான சில மருந்துகள், வலிக்காகக் கொடுக்கும் அபின் வகை மருந்துகள், மனநோய்க்கும் வலிப்புக்கும் உரிய சில மருந்துகள் ஆகியனவும் மலச்சிக்கலை உண்டாக்கும். ஆகையால் மருத்துவரிடம் செல்லும்போது உண்டுவரும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

நீரிழிவு, தைராய்டுச் சுரப்புக் குறைவு, நடுக்குவாதம், முதுகுத்தண்டு நோய்கள் ஆகியவற்றாலும் மலச்சிக்கல் தோன்றும். உடல் பருத்து, குரல் கரகரத்து, குளிர் தாங்காமல், எப்போதும் சோர்வாக இருக்கும் பெண்ணுக்கு மலச்சிக்கலும் இருந்தால் தைராய்டுச் சோதனை செய்தல் நலம்.

முதியோர் பற்றி ஒன்றைக் குறிப்பாகக் கூறவேண்டும். படுக்கையில் கிடக்கும் முதியவருக்குப் பல நாள் கழியாமல் இருந்து, திடீரென்று நீர் நீராகக் கசியத் தொடங்கினால், வீட்டார் அதனை வயிற்றுப்போக்கு என்று எண்ணி நிறுத்தும் மருந்து கொடுத்துவிடுகின்றனர். உண்மையில் மலக்குடலில் கல் போல இறுகி அடைத்துக்கொண்ட மலத்தைச் சுற்றி நீர் கசிந்து வருவதாக அது இருக்கலாம். நிறுத்தும் மருந்து கேட்டினை மிகுவிக்கும். உடனே செவிலியருக்கோ மருத்துவருக்கோ தெரிவிக்க வேண்டும்.

செய்ய வேண்டுவன

முதலாவது, நேரம். காலையில் ஏதேனும் உண்டு அல்லது சூடாகக் குடித்து அரை மணிக்குள் கழிப்பறைக்குச் சென்று, ஐந்து முதல் பத்து நிமிடம் அமைதியாக அமருங்கள். வந்தாலும் வராவிட்டாலும் நாள்தோறும் அதே நேரத்தில் அமர்ந்தால் குடல் மீண்டும் பழகும். கைப்பேசியை உள்ளே கொண்டு போக வேண்டாம். மூச்சை அடக்கி முக்குவதும் வேண்டாம். மூலமும் ஆசனவாய் வெடிப்பும் அதனால் மிகும். பீடி பிடித்தால்தான் வரும் என்று சொல்லும் ஆண்களுக்குக் கூறுகிறேன்: காலைக் கஞ்சியே அந்த வேலையைச் செய்யும், பீடிக்காக நுரையீரலைக் கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, அமரும் முறை. மலக்குடலைக் கவண் போலச் சுற்றி இழுத்துப் பிடித்திருக்கும் தசை ஒன்று உண்டு. குந்தி அமரும்போது அது தளர்ந்து வழி நேராகிறது. நம் பழைய முறையே நன்று. மூட்டு வலியால் நாற்காலிக் கழிப்பறையைப் பயன்படுத்துவோர், காலடியில் ஒரு சிறு பலகையோ மணையோ வைத்து முழங்கால் உயர்ந்திருக்குமாறு அமர்ந்தால் ஏறத்தாழ அதே பயன் கிட்டும்.

மூன்றாவது, உணவு. நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து நமக்குத் தேவை. ஒரு வேளையேனும் கேழ்வரகோ சாமையோ கம்போ உண்ணுங்கள். முருங்கைக்கீரை, அவரை, கொத்தவரை, கொள்ளு, காராமணி, வேர்க்கடலை, கொய்யா ஆகியவை நம் ஊரிலேயே கிடைப்பவை. மாட்டிறைச்சி உண்பதற்கு எவரும் நாணவேண்டியதில்லை. அதில் புரதமும் இரும்பும் நிறைந்துள்ளன. ஆனால் எந்த இறைச்சியிலும் நார்ச்சத்து இல்லை. ஆகையால் இறைச்சியோடு ஒரு காயோ கீரையோ சேர்ந்தே இருக்கட்டும். ஆம்பூர்ப் பிரியாணியோடு கத்தரிக்காய்த் தொக்கு வைத்த முன்னோர் அறிவில்லாதவர் அல்லர். நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.

நான்காவது, நீரும் நடையும். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் மட்டும் மலச்சிக்கல் தீர்ந்துவிடாது. ஆனால் வெயிலில் உழைப்பவரும், வேண்டுமென்றே நீரைத் தவிர்ப்பவரும், நார்ச்சத்தைக் கூட்டுபவரும் போதிய நீர் குடித்தே ஆகவேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும் அளவுக்குக் குடியுங்கள். சிறுநீரக நோயும் இதய நோயும் உள்ளவர் மருத்துவர் சொன்ன அளவோடு நிற்க வேண்டும். நாள் முழுவதும் தையல் பொறியின்முன் அமர்ந்திருப்போர் மாலையில் அரை மணி நடப்பது நன்று.

ஐந்தாவது, மருந்து. மேற்கூறியவற்றை நான்கு வாரங்கள் ஒழுங்காகச் செய்தும் பயன் இல்லையெனில் மருந்து உட்கொள்வதில் தவறில்லை. இசப்கோல் உமியை ஒரு தம்ளர் நிறைய நீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும்; குறைந்த நீரில் விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். லாக்டுலோஸ் பாகும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியும் குடலுக்குள் நீரை ஈர்த்து வைத்து மலத்தை இளக்குபவை. மருத்துவர் சொற்படி நீண்ட நாள் உட்கொள்ளத் தக்கவை. பிசாகோடில் மாத்திரையும், திருநெல்வேலிச் சீமையிலிருந்து உலகெங்கும் ஏற்றுமதியாகும் நிலாவிரையும் குடலை உந்தித் தள்ளுபவை. தேவைப்படும்போது அளவறிந்து பயன்படுத்த வேண்டும். மக்னீசியம் கலந்த பேதி மருந்தைச் சிறுநீரக நோயாளிகள் தாமாக உட்கொள்ளலாகாது. மாதம் ஒருமுறை வயிற்றைக் "கழுவுவதற்கென்று" கடும்பேதி எடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது உடலின் நீரையும் உப்புச் சத்துக்களையும் வாரிக்கொண்டு போகிறதே ஒழிய நோயைத் தீர்ப்பதில்லை. சோப்பு நீரை ஆசனவாய் வழியே ஏற்றுவதும் தீங்கு. குடலின் உட்சுவர் புண்ணாகும்.

இவற்றாலும் தீராத சிலர் உண்டு. அவர்கள் முக்கும்போது ஆசனவாய்த் தசை தளர்வதற்கு மாறாக இறுகிக்கொள்ளும். எவ்வளவு கீரை தின்றாலும் இவர்களுக்குப் பயன் இராது. சில வேளைகளில் தொல்லை கூடவும் செய்யும். தசையைத் தளர்த்தக் கற்றுத்தரும் தனிப் பயிற்சி இதற்கு உண்டு. பெரிய மருத்துவமனைகளில் குடல்நோய்ப் பிரிவில் கேட்டு அறியலாம்.

தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள்

இதனை இளைஞர்கள் எழுதி வீட்டில் ஒட்டிவைத்தாலும் தகும். மலத்தில் இரத்தம்; காரணமின்றி எடை குறைதல்; இரத்தச் சோகை; 45 வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றிய மலச்சிக்கல்; வழக்கம் திடீரென்று மாறி வாரக்கணக்கில் நீடித்தல்; குடும்பத்தில் எவருக்கேனும் குடல் புற்றுநோய் இருந்திருத்தல். இவற்றுள் ஒன்று இருந்தாலும் நாட்டு மருந்தையோ கடை மாத்திரையையோ நம்பிக் காத்திராமல் மருத்துவரைக் காணவேண்டும். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியாமல் கடும் வலி இருந்தால் அன்றே, அப்போதே செல்லவேண்டும். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இரத்தம் கண்டதெல்லாம் புற்றுநோய் அன்று. பெரும்பாலும் மூலமாகவோ வெடிப்பாகவோதான் இருக்கும். ஆனால் அதனை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர், நாமல்லர்.

முடிவுரை

இளைஞர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைத்து என் உரையை முடிக்கிறேன்.

உங்கள் தாயிடம், பாட்டியிடம், தமக்கையிடம் இன்றிரவே கேளுங்கள். "உனக்கு ஒழுங்காகப் போகிறதா? இரத்தம் ஏதும் உண்டா?" என்று கேட்பதில் இழிவு ஒன்றும் இல்லை. மகன் கேட்க நாணினால் மகள் கேட்கட்டும். மகள் இல்லாத வீட்டில் மகனே கேட்கட்டும்.

உங்கள் வீட்டுக் கழிப்பறையைப் பாருங்கள். அரசு உதவியால் கட்டிய கழிப்பறையில் விறகும் மூட்டையும் அடுக்கிவைத்து, பெண்களை மீண்டும் இருட்டுக்கு அனுப்பும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த மூட்டைகளை வெளியே எடுத்து வையுங்கள். கதவுக்குத் தாழ்ப்பாளும், உள்ளே தண்ணீரும் விளக்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கழக உறுப்பினர்கள் ஒன்று சேர்ந்து, நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலும் இதனையே ஆராய்ந்து, இல்லாத இடத்தில் தலைமையாசிரியரிடமும் ஊராட்சியிடமும் எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

வேலைக்குச் செல்வோர், உடல் அழைக்கும்போது எழுந்து செல்லுங்கள். ஒருவர் தனியே எழுந்தால் கடிந்து பேசுவார்கள். வரிசையில் உள்ள அனைவரும் அதனை உரிமையாகக் கருதினால் கடிந்து பேசமாட்டார்கள். சங்கம் இருக்கும் இடத்தில் சங்கத்தின் வழியே கேளுங்கள். கல்வி கற்றவர் செய்ய வேண்டிய பணி இதுதான்: சட்டத்தில் எழுதியிருப்பதைப் படித்து, படிக்காத தம் மக்களுக்கு எடுத்துச் சொல்லுதல்.

என் பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இந்தக் கழகத்தின் மாலை வகுப்புக்கு என்னைக் கைப்பிடித்து அழைத்து வந்தவர் அவரே. நான் கற்றது அவருக்கு உரிய காலத்தில் உதவவில்லை. உங்கள் வீட்டில் உள்ளவர்களுக்கேனும் உதவட்டும் என்பதே என் விருப்பம்.